கிரேடியன்ட் குவில்ட்: திரையில் இழைகிற நிறம் துணியில் ஏன் திட்டுத்திட்டாக நிற்கிறது?

ஒட்டுத்துணி (கோயம்புத்தூர்)

வணக்கம். ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கத் திட்டம். 60க்கு 84 இன்ச். தைத்து முடித்தபின் 6 இன்ச் வரும் பிளாக்குகள் (சதுரக் கட்டங்கள்), குறுக்கே 10, நெடுக்கே 14, ஆக 140. எல்லாமே அரைச்சதுர முக்கோணம்: ஒரு பிளாக்கில் இரண்டு கலர், மூலைக்கு மூலை தையல். இடது மேல் மூலையில் மாம்பழ மஞ்சளில் தொடங்கி வலது கீழ் மூலையில் எம்.எஸ். ப்ளூவில் போய் முடிய வேண்டும்.

இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் வரைந்து பார்த்தேன். ஒரு முனையில் மஞ்சள், மறுமுனையில் நீலம் என்று கிரேடியன்ட் (இழைந்து மாறும் நிறம்) போட்டதும் நடுவில் சாம்பலும் அழுக்குமாக ஒரு நிறம் வருகிறது. அதை மாற்றி, பச்சை வழியாகப் போகிற மாதிரி செய்து, 12 ஷேடாகப் பிரித்தேன். போனில் படத்தை வைத்துக்கொண்டு மேட்சிங் சென்டரில், பெரும்பாலும் டூ பை டூ என்ற மெல்லிய பிளவுஸ் துணியில், ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் மட்டும் மாதிரிக்கு வாங்கி வந்திருக்கிறேன். தரையில் வரிசையாகப் பரப்பினால் நடுவில் இரண்டு துணி ஒன்றாகவே தெரிகிறது. அதற்கு அடுத்தது பட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. திரையில் இருந்த ஓட்டம் இல்லை.

இதற்குச் சரியான மென்பொருள் எது? காசு கொடுத்து இக்யூ8 என்ற குவில்ட் மென்பொருளை வாங்கினால் தீருமா? 12 ஷேடு போதுமா, இன்னும் வேண்டுமா? முழுத் துணியும் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஆசை.

பிக்சல் (சென்னை)

முதலில் அந்தச் சாம்பல். திரையில் சுத்த மஞ்சள் என்றால் சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. சுத்த நீலம் என்றால் 0, 0, 255. இரண்டுக்கும் நடுப்புள்ளி எடுங்கள். மூன்றுமே ஏறக்குறைய 128. அது சாம்பல்தான், வேறெதுவும் ஆக முடியாது. மென்பொருள் நேர்க்கோட்டில் போகிறது. எதிரெதிர் நிறங்களுக்கு நடுவே நேர்க்கோடு போட்டால் வழியில் சாம்பல் வந்தே தீரும். நீங்கள் பச்சை வழியாகச் சுற்றிப் போனது சரியான முடிவு. கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று இறங்கி நீலத்துக்குப் போகலாம். இல்லையென்றால் மறுபக்கமாக ஆரஞ்சு, அரக்கு, கத்திரிப்பூ வழி. நிறச்சக்கரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம், ஆனால் கட்டிலில் விரித்தால் இரண்டும் வேறு வேறு குவில்ட்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். நிறத்தைத் தேர்ந்தெடுக்க எச்எஸ்எல் (நிறம், செறிவு, ஒளிர்வு) என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, அதில் சுத்த மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் நான்குக்குமே ஒளிர்வு 50 சதவீதம் என்று காட்டும். கண்ணுக்கு அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரிவதை ஒட்டி நிறத்தை அளக்க 1976இல் வந்த சிஐஇ லேப் அளவில் ஒளிர்வைப் பாருங்கள்: மஞ்சள் 97, பச்சை 88, சிவப்பு 53, நீலம் 32. கறுப்பு 0, வெள்ளை 100. எச்எஸ்எல்லில் சம இடைவெளியாக நகர்த்தினால் ஒளிர்வு ஓரிடத்தில் நகராமல் நிற்கும், இன்னோரிடத்தில் சடக்கென்று விழும். நீங்கள் தரையில் பார்த்தது அதுவாக இருக்கலாம்.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில், நிறத் தேர்வுப் பெட்டியில் எச்எஸ்வி என்ற அளவை எல்சிஹெச் என்று மாற்றிக்கொள்ளலாம், இது லேப் அளவின் இன்னொரு வடிவம். அதில் முதல் எண் இந்த ஒளிர்வுதான். இனி இதை எல் என்றே எழுதுகிறேன். 2020இல் பியோர்ன் ஓட்டொசான் வெளியிட்ட ஓகேலேப் என்ற அளவு இன்னும் நல்லது, குறிப்பாக நீலப் பக்கம் லேப் காட்டும் ஊதாச் சாய்வு அதில் இல்லை. ஆனால் உங்கள் வேலைக்கு எல்சிஹெச் போதும். தொடக்கத்தின் எல், முடிவின் எல் இரண்டையும் குறித்துக்கொண்டு நடுவில் சமமாகப் பிரியுங்கள். அப்புறம் துணி தேடுங்கள்.

ஊசிமுனை (மதுரை)

தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. திரையில் நிறத்தை முடிவு செய்துவிட்டுத் துணி தேடப் போனால், இருக்கிற துணியில் கிட்டத்தட்ட ஒத்துப்போவதை எடுப்பீர்கள். அந்தக் கிட்டத்தட்ட ஒவ்வொரு துணியிலும் ஒவ்வொரு பக்கம் சாயும். ஒன்று கொஞ்சம் வெளிறும், அடுத்தது கொஞ்சம் அடர்ந்திருக்கும். பன்னிரண்டும் சேர்ந்தால் ஓட்டம் எங்கே இருக்கும்?

நான் குவில்ட் சொல்லிக்கொடுக்கிறவள். என் வகுப்பில் துணிதான் முதலில் வரும். மேட்சிங் சென்டரில் ரூபியா டூ பை டூவில் எத்தனை ஷேடு அடுக்கி வைத்திருக்கிறார்கள்! பச்சையில் மட்டுமே ஓர் அலமாரித் தட்டு நிறைந்து நிற்கும். அந்த அலமாரியே ஒரு பாலெட், நிறத்தட்டு. வேண்டியதுக்கு மேலாகவே ஓர் இருபது துண்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் வரிசை போட்டு, போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எது ஒன்றோடு ஒன்று கரைகிறது, எது துருத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

கடையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பச்சை, வாசலுக்குக் கொண்டுபோனால் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று நீலமாகவும் பிரியும். சாயம் வேறு, அதனால் வெளிச்சம் மாறும்போது நிறமும் வேறாகத் தெரியும். தான்களை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். பிளவுஸ் துணி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

பிக்சல் (சென்னை)

அம்மா, கறுப்பு வெள்ளைப் படம் நல்ல யோசனை. அதில் ஒரு பொறி இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கப் பல வழி இருக்கிறது, எல்லாம் ஒரே விடை தராது. கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் என்று போனால் லூமினன்ஸ், லூமா, லைட்னெஸ், ஆவரேஜ், வேல்யூ என ஐந்து தேர்வு வரும். லைட்னெஸ் என்ற பெயரைப் பார்த்து அதையே எடுத்தால், சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே சாம்பலாக மாறிவிடும். பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டிப் பாதியாக்குவதுதான் அதன் கணக்கு. இரண்டுக்குமே 255உம் 0உம். வேல்யூ எடுத்தால் இரண்டும் வெள்ளை. லூமினன்ஸும் லூமாவும்தான் கண் பார்ப்பதற்குப் பக்கத்தில் வரும். மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகிற குவில்ட்டில் இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

போன் ஃபில்டர்கள் உள்ளே என்ன கணக்குப் போடுகின்றன என்று வெளியில் தெரியாது. நல்ல மஞ்சள் துண்டு ஒன்றையும் அடர்நீலத் துண்டு ஒன்றையும் அருகருகே வைத்து எடுத்துப் பாருங்கள். மஞ்சள் நன்றாக வெளுத்துத் தெரிந்தால் அந்த ஃபில்டரை நம்பலாம்.

கட்டம் (பெங்களூரு)

திரையா, துணியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஊசிமுனை அம்மா சொல்வது போல் துணியை முதலில் எடுங்கள். ஆனால் அதை மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். நான் செய்கிற விதம் இது.

வாங்கிய துண்டுகளை எல்லாம் இஸ்திரி போட்டு, ஒரே பலகையில் ஒட்டி, பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளும் வைத்து, வராந்தா நிழலில் ஒரே படமாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்தால் போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும், ஒப்பிட முடியாது. நேர் வெயிலும் வேண்டாம், டியூப் லைட்டும் வேண்டாம். கிம்ப்பில் திறந்து, அந்தத் தாளை வைத்து வெண்மையைச் சரிசெய்துவிட்டு, கலர் பிக்கரை எடுங்கள். அதில் சாம்பிள் ஆவரேஜ் என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்து ஆரத்தை நன்றாகக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் நூலுக்கு நூல் எண் மாறும்: ஒரு பிக்சல் நூலின் மேல்பக்கம், அடுத்தது இடுக்கிலுள்ள நிழல். ஒவ்வொரு துணிக்கும் எல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறத்தை ஒரு புது பாலெட்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இப்போது மென்பொருளிடம் இருப்பது கடையில் கிடைக்கிற நிறங்கள் மட்டும்.

இனி இன்க்ஸ்கேப். 60க்கு 84 செவ்வகம் வரைந்து உங்கள் கிரேடியன்ட்டை நிரப்புங்கள். அதன் மேல் மூலையில் 6 இன்ச் முக்கோணம் ஒன்று. அதன் நிரப்பு நிறத்தைக் கேள்விக்குறி பட்டனை அழுத்தி நீக்கிவிட வேண்டும், இது விட்டுப்போனால் எதுவும் நடக்காது. பிறகு எடிட், க்ளோன், டைல்டு க்ளோன்ஸ். 14 வரிசை, 10 பத்தி. ட்ரேஸ் என்ற தாவலில் கீழே இருக்கும் ஓவியத்திலிருந்து நிறத்தை எடு, அதை நகலின் நிறத்தில் போடு என்று இரண்டையும் டிக் செய்தால், ஒவ்வொரு முக்கோணமும் தன் இடத்து நிறத்தை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்து உட்காரும். முதல்முறை பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும்.

ஆனால் அது முக்கோணத்தின் பரப்பை மட்டும் பார்ப்பதில்லை, அதைச் சூழ்ந்த சதுரம் முழுக்கச் சராசரி எடுக்கிறது. இரண்டாவது முக்கோணத்தையும் அதே கிரேடியன்ட் மேல் வைத்தால் இரண்டும் ஒரே நிறமாகி முக்கோணமே மறைந்துவிடும். அதனால் இரண்டாவதற்கு கிரேடியன்ட்டை ஒன்றிரண்டு கட்டம் நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தலைகீழாகத் திருப்பியும் போடலாம். அப்படிச் செய்தால் மூலைகளில் மஞ்சளும் நீலமும் முட்டிக்கொண்டு, நடுவில் இரண்டும் ஒன்றாகிக் கரையும். அழகான டிசைன்தான், ஆனால் நீங்கள் கேட்ட ஓட்டம் அது இல்லை.

பனிமலர் (டொராண்டோ)

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே கோனா காட்டன் என்ற ஒற்றை நிறப் பருத்தித் துணி பாவிக்கிறேன். அதில் 365 நிறம் கொண்ட மாதிரி அட்டை இருக்கிறது. சிறு துண்டுகளாக ஒட்டி வரும். அவற்றை வெட்டி எடுத்து, பின்னால் பெயர் எழுதி, ஒளிர்வு வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். புது டிசைன் என்றால் முதலில் அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பிப் பார்ப்பேன், பிறகுதான் கணினி. ஊசிமுனை அம்மா சொன்னது எனக்கும் சரியாகவே படுகிறது.

இக்யூ8 பற்றிக் கேட்டீர்கள். அது அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கும் எலெக்ட்ரிக் குவில்ட் கம்பெனியின் மென்பொருள், 2017இல் வந்தது. என்னிடம் இருக்கிறது. பிளாக் நூலகம் பெரிது, துணியின் படத்தை உள்ளே ஏற்றலாம், வெட்டுக் கணக்கும் துணி அளவும் அச்சிட்டுத் தரும். பலவகை பிளாக்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்கு வாங்கத் தகும். நீங்கள் செய்வது ஒரே பிளாக், நிறம்தான் மாறுகிறது. அதற்கு இன்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் போதும். அந்தக் காசுக்குத் துணி வாங்குங்கோ.

எத்தனை ஷேடு என்பதற்கு ஒரு பழைய கதை. பாரிஸில் கோபலான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் 1824இல் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷெல் ஓஜேன் ஷெவ்ரல், வேதியியல் அறிஞர். சில கறுப்புச் சாயம் அடர்த்தியாக இல்லை என்று முறைப்பாடு வந்தது. சாயத்தைச் சோதித்தால் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்து காட்டின. பக்கத்து நிறம் இந்த நிறத்தை மாற்றுகிறது என்பதை அவர் 1839இல் விரிவாக எழுதினார். அவர் பெயரிலேயே ஒரு கண்மாயம் இருக்கிறது. ஒரே சீரான சாம்பல் பட்டைகளை வெளுப்பிலிருந்து கறுப்பு வரை அடுக்கினால், ஒவ்வொரு பட்டையும் தட்டையாகத் தெரியாது. அடர்ந்த பட்டையை ஒட்டிய ஓரம் வெளுத்தும், வெளுத்த பட்டையை ஒட்டிய ஓரம் இருண்டும், மூங்கில் தட்டி மாதிரி வளைந்து வளைந்து தெரியும். எல்லைக்கோட்டைக் கண் கூட்டிக் காட்டுகிறது என்று பிறகு 1865இல் ஏர்ன்ஸ்ட் மாக் விளக்கினார்.

குவில்ட்டுக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், சீரான துணியில் ஷேடுகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் கோடு முழுவதும் மறையாது. கோடுகள் ஒரே அளவாக இருந்தால் கண் அதை ஓட்டமாக ஏற்றுக்கொள்ளும். ஒரே ஒரு கோடு மற்றதை விடப் பெரிதாக இருந்தால் அது மட்டும் துருத்தும். 12 தாராளம். இடைவெளியை மட்டும் சமமாக்குங்கோ. கோடு அறவே வேண்டாம் என்றால் சீரான துணிக்குப் பதில் சின்னப் பூ, புள்ளி போட்ட துணி பாவிக்கலாம். ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

அச்சுக்கூடம் (திருப்பூர்)

எதற்கு இத்தனை துண்டு? கிரேடியன்ட்டையே பருத்தித் துணியில் டிஜிட்டல் பிரின்ட் போட்டு வாங்கிவிடலாமே. நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.

ஆனால் பைலைச் சரியாகக் கொடுக்க வேண்டும். பலரும் அனுப்புகிற பைலில் பட்டை விழும். காரணம் எளிது. 24 இன்ச் அகலத்தை 150 டிபிஐயில், அதாவது இன்ச்சுக்கு 150 புள்ளியாக, அடித்தால் 3600 பிக்சல். அந்த அகலத்தில் உங்கள் நிறம் 40 படிகள்தான் மாறுகிறது என்றால் ஒரு படிக்கு 90 பிக்சல், அதாவது 0.6 இன்ச். துணியில் அரை இன்ச்சுக்கு மேல் அகலமான பட்டை கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். கிரேடியன்ட் மேல் லேசாக நாய்ஸ் (சிதறிய புள்ளிகள்) சேர்த்துவிட்டு அனுப்புங்கள், பட்டை உடைந்துவிடும். ஜேபெக்கில் அழுத்தி அனுப்பாதீர்கள், பிஎன்ஜி அல்லது டிஃப். முதலில் ஒரு சின்னத் துண்டு மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு முழுசுக்கும் சொல்லுங்கள். திரையில் இருக்கும் எம்.எஸ். ப்ளூவின் பளிச்சிடல் பிரின்ட்டில் கொஞ்சம் இறங்கும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை (மதுரை)

பிரின்ட் துணியில் நான் கண்ட சிக்கல் தையல்தான். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போகும். இரண்டு பிளாக் சேரும் இடத்தில் அரை இன்ச் கிரேடியன்ட் காணாமல் போகிறது. அதனால் ஒரே தானில் அழகாக ஓடிய நிறம் வெட்டித் தைத்ததும் ஒவ்வொரு தையலிலும் ஒரு குதி குதிக்கும். ஓம்ப்ரே துணி (நிறம் இழைந்து மாறும்படி வரும் துணி) வாங்கித் தைத்தாலும் இதே கதைதான். வெட்டாமல் ஒரே துணியாக விரித்து மேலே குவில்ட்டிங் தையல் மட்டும் போடுவதென்றால் பிரின்ட் நன்று.

அச்சுக்கூடம் (திருப்பூர்)

உண்மைதான் அம்மா. அதற்கு வழி உண்டு. தொடர்ச்சியாக ஓவியத்தை அடிக்காமல், பிளாக் பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கால் இன்ச் ஓவியத்தை மறுபடி வரும்படி நீட்டி, 6½ இன்ச் சதுரங்களாக அடுக்கி அடிக்கலாம். தைத்தபின் நிறம் விட்டுப்போகாமல் சேரும். கூடுதல் வேலை, கூடுதல் துணி. அரைச்சதுர முக்கோணத்துக்கு இன்னும் சிக்கல். இந்த டிசைனுக்கு நானும் சாதாரணத் துணியைத்தான் சொல்வேன்.

ஒட்டுத்துணி (கோயம்புத்தூர்)

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டம் சொன்னபடி வராந்தாவில் ஒரே படமாக எடுத்து எல் எண்களைப் பார்த்தேன். முதல் துணி 78, கடைசித் துணி 30. நடுவில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சைகளும் 61, 60. அதற்கு அடுத்த மயில்கழுத்து 48. கண்ணில் பட்டதும் எண்ணும் அப்படியே பொருந்துகிறது! 48 வித்தியாசத்தை 11 இடைவெளிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நாலு, நாலரை வர வேண்டும். 60ஐ எடுத்துவிட்டு 57, 53 என்ற அளவில் இரண்டு துணி தேடப் போகிறேன். 48க்குக் கீழே 40ஐ ஒட்டி இரண்டு துணி நெருங்கி நிற்கிறது, அதில் ஒன்றை விட்டுவிடலாம். மொத்தம் 12ஆகவே இருக்கும்.

இரண்டு கேள்வி. அந்த மயில்கழுத்துத் துணி டூ பை டூ அல்ல, பாவு பச்சை, ஊடை நீலம். சேர்க்கலாமா? அப்புறம், எந்த ஷேடு எவ்வளவு வாங்குவது? எல்லாம் சமமாக வாங்கினால் போதுமா?

ஊசிமுனை (மதுரை)

சேர்க்கலாம், ஆனால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டித் தைக்க வேண்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த துணியை ஒரு பக்கமிருந்து பார்த்தால் பச்சை தூக்கும், கால் சுற்றுத் திருப்பினால் நீலம் தூக்கும். ஒரே துணி இரண்டு ஷேடாகிவிடும். வெட்டும்போதே பின்பக்கம் பாவின் திசைக்குச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். கனமும் பாருங்கள். டூ பை டூ மெல்லியது, பக்கத்தில் கனமான துணி வந்தால் தையல் இழுத்துக்கொள்ளும்.

டூ பை டூவில் இன்னொன்று. மஞ்சளுக்குப் பின்னால் அடர்நிறத் தையல் மடிப்பு போனால் முன்னால் நிழலாகத் தெரியும். இஸ்திரி போடும்போது மடிப்பை எப்போதும் அடர்ந்த பக்கத்துக்கே தள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் தனித்தனியே அலசி, தண்ணீர் தெளியும்வரை பாருங்கள். நீலமும் பச்சையும் சாயம் விட்டால் மஞ்சள் போய்விடும்.

கட்டம் (பெங்களூரு)

சமமாக வாங்காதீர்கள். மூலையிலிருந்து மூலைக்கு ஓடும் டிசைனில் பலர் கவனிக்காத இடம் இது. 10க்கு 14 கட்டத்தில் குறுக்கு வரிசைகள் 23. முதல் வரிசையில் ஒரே பிளாக், இரண்டாவதில் 2, இப்படியே ஏறிப் பத்தாவது வரிசையில் 10. 10 முதல் 14 வரை 10 பிளாக்காகவே நிற்கும், பிறகு இறங்கும். ஒரு ஷேடுக்கு இரண்டு வரிசை என்று சமமாகப் பிரித்தால் உங்கள் மாம்பழ மஞ்சள் 1ம் 2ம் சேர்ந்து 3 பிளாக்கில்தான் வரும். நடு ஷேடு 20 பிளாக். தைத்து முடித்துப் பார்த்தால் மஞ்சளும் நீலமும் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைக் குவில்ட்டாக இருக்கும்.

அதனால் ஓரங்களில் அகலமாகவும் நடுவில் குறுகலாகவும் பிரியுங்கள். 11 கூட்டமாக, வரிசை எண்ணிக்கை 4, 3, 2, 1, 1, 1, 1, 1, 2, 3, 4. கூட்டினால் 23. பிளாக் கணக்கு முறையே 10, 18, 17, 10, 10, 10, 10, 10, 17, 18, 10. மொத்தம் 140. எல்லா நிறத்துக்கும் ஏறக்குறைய நியாயமான பங்கு வருகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் மேல் முக்கோணம் அந்த ஷேடு, கீழ் முக்கோணம் அடுத்த ஷேடு என்று வைத்துக்கொண்டால் 12 துணியும் சரியாகப் பொருந்தும்.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்குள் எல்லா பிளாக்கும் ஒரே ஜோடி. அதனால் இரண்டு சதுரத்தை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டி, ஒரே நேரத்தில் இரண்டு பிளாக் எடுக்கலாம். கணக்குப்படி 6⅞ இன்ச் சதுரம், நான் 7 வெட்டி 6½க்குச் சீவிக்கொள்வேன். கிரேடியன்ட்டை 45 பாகையிலிருந்து மாற்றினால் ஒவ்வொரு பிளாக்கும் வேறு ஜோடியாகி இந்த வசதி போய்விடும். திரையில் கோணத்தைத் திருப்பிப் பார்க்க ஆசை வரும், இந்த டிசைனில் வேண்டாம்.

துணி அகலம் 36 இன்ச் என்றாலும் கரையை நீக்கினால் ஒரு பட்டையில் 7 இன்ச் சதுரம் 4 என்று வைத்துக்கொள்வது பத்திரம். அந்தக் கணக்கில் 1ஆவது, 12ஆவது துணிக்கு 5 சதுரம் வேண்டும், 50 சென்டிமீட்டர் வாங்குங்கள். 2, 4, 9, 11க்கு 14 சதுரம், 80 சென்டிமீட்டர். 3க்கும் 10க்கும் 18 சதுரம், 1 மீட்டர். 5 முதல் 8 வரை 10 சதுரம், 60 சென்டிமீட்டர். சுருங்கும் என்று தோன்றுகிற துணியில் 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிக்சல் (சென்னை)

எதிர்காலத்தில் முக்கோணம் இல்லாமல் வெறும் சதுரம் தைக்கிறவர்களுக்காக ஒன்று. 60க்கு 84ஐ 3 இன்ச் சதுரமாகப் பிரித்தால் 20க்கு 28. கிம்ப்பில் 20 பிக்சல் அகலம், 28 பிக்சல் உயரத்தில் ஒரு படம் திறந்து கிரேடியன்ட் போடுங்கள். ஒரு பிக்சல் ஒரு சதுரம். பிறகு இமேஜ், மோடு, இன்டெக்ஸ்டு என்று போய், துணிகளிலிருந்து செய்த பாலெட்டைக் கொடுத்து, டிதரிங்கில் (இருக்கிற சில நிறங்களைச் சிதறவிட்டு இடைநிறம் போலக் காட்டுவது) ஃபிளாய்டு ஸ்டைன்பெர்க் தேர்ந்தெடுங்கள். 1976இல் இருவர் எழுதிய முறை: ஒரு கட்டத்தில் சரியான நிறம் இல்லாமல் போன மிச்சத்தைப் பக்கத்துக் கட்டங்களுக்குத் தள்ளிவிடும். 6 துணி மட்டுமே இருந்தாலும் ஒன்றின் சதுரங்கள் இன்னொன்றுக்குள் சிதறிப் போய்க் கலக்கும், தூரத்திலிருந்து ஓட்டம் தெரியும். ஒவ்வொரு நிறத்தையும் செலக்ட் பை கலரில் பிடித்து ஹிஸ்டோகிராமைத் திறந்தால் பிக்சல் எண்ணிக்கை வரும். அதுவே அந்தத் துணியில் வெட்ட வேண்டிய சதுரங்களின் எண்ணிக்கை.

ஊசிமுனை (மதுரை)

இதைக் கையால் செய்வோம் தம்பி. இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் இங்கிருந்து நாலு சதுரத்தை அங்கேயும் அங்கிருந்து நாலை இங்கேயும் மாற்றி வைப்பது. மென்பொருள் எங்கே மாற்றுகிறது என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது. வகுப்பில் போட்டுக் காட்ட அந்தப் படம் ஒன்றை இங்கே ஏற்ற முடியுமா?

பிக்சல் (சென்னை)

கண்டிப்பாக அம்மா. டிதரிங் இல்லாமல் ஒன்று, போட்டு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றுகிறேன். உங்கள் அலமாரித் துணிகளின் படம் ஒன்று அனுப்பினால் அந்த பாலெட்டிலேயே செய்து தருகிறேன்.

ஒட்டுத்துணி (கோயம்புத்தூர்)

4, 3, 2, 1 என்று பிரித்துத் திரையில் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் இப்போதுதான் மஞ்சளாகத் தெரிகிறது. சனிக்கிழமை பகலில் கடைக்குப் போகிறேன். 57க்கும் 53க்கும் துணி கிடைத்ததும் புது வரிசையைக் கலரிலும் கறுப்பு வெள்ளையிலும் எடுத்து, எல் எண்களோடு இதே இழையில் போடுகிறேன். வெட்டுவதற்கு முன் ஒருமுறை எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.